டார்க் சைட் ஆஃப் தி மூன் முதல் தடவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிங்க் ஃபிளாய்டின் இந்த ஆல்பத்தைக் காலேஜ் நாட்களில் முதன்முதலாகக் கேட்ட கதையை நான் ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன். அக்கா மகன், ஆபீஸ் நண்பர்கள், கல்யாண வீட்டில் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, பதிலும் எழுதியிருக்கிறேன். ஆல்பத்தை இன்னும் கேட்காதவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு எழுந்து போய், கேட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தால் நல்லது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1. டீ-ஷர்ட்டுல ஒரு முக்கோணம், அதுல இருந்து வானவில் வருதே, அது நிஜமாவே ஒரு ஆல்பமா? நான் ஏதோ துணிக் கம்பெனி லோகோன்னு நெனச்சேன்.

ஆல்பம்தான். இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் குழு 1973 மார்ச்சில் வெளியிட்டது. ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் என்று நாலு பேர். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் 1972 நடுவில் தொடங்கி, இடையிடையே கச்சேரிகளுக்குப் போய்வந்துகொண்டே, 1973 தொடக்கத்தில் முடித்தார்கள். மொத்தம் 43 நிமிடம். அட்டையை வடிவமைத்தது ஹிப்னோசிஸ் என்ற நிறுவனம், வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. முன் அட்டையில் குழுவின் பெயரும் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. வானவில்லை எண்ணிப் பாருங்கள், ஆறு நிறம்தான் இருக்கும்.

அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இது முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1973க்கும் 1988க்கும் நடுவில் 741 வாரங்கள் அந்தப் பட்டியலில் எங்காவது ஒரு இடத்தில் இருந்துகொண்டே இருந்தது. அதாவது வெளிவந்த சூட்டோடு எல்லாரும் வாங்கித் தீர்த்த ஆல்பம் இல்லை இது. ஒவ்வொரு வருஷமும் புதிதாக யாரோ ஒரு பையன், யாரோ ஒரு பெண், யார் வீட்டிலோ முதல் தடவை கேட்டுவிட்டுப் போய் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்த முதலிடத்தைவிட இந்த 741 தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

2. எப்படிக் கேக்கணும்? அதுக்குன்னு ஏதாவது முறை இருக்கா சார்?

ஒரே உட்காரலில், முதல் பாட்டிலிருந்து கடைசி வரை, வரிசை மாற்றாமல். அவ்வளவுதான் முறை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி செய்திருக்கிறார்கள் என்பதால், ஃபோனில் கேட்பவர்கள் ஷஃபிளை அணைத்துவிடுங்கள், நடுவில் விளம்பரம் வருகிற இலவசக் கணக்கு என்றால் தயவுசெய்து வேறு வழி பாருங்கள், கிளேர் டோரி என்ற பாடகி பாடி முடிக்கிற இடத்தில் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தால் அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த எண்ணெய்தான் ஞாபகம் வரும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிஜமான நிறுத்தம் உண்டு. எல்.பி. ரெக்கார்டில் முதல் பக்கம் 19 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், இரண்டாம் பக்கம் 23 நிமிடத்துக்கு மேல். நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

3. எனக்கு இங்கிலீஷ் பாட்டு வரி ஒண்ணும் பிடிபடாது. பரவாயில்லையா?

முதல் தடவைக்குப் புரியாததே நல்லது என்பேன். எனக்கும் அன்றைக்குப் பாதி வரி விளங்கவில்லை. ஆனால் இந்த ஆல்பத்தில் ஆங்கிலம் தெரியாமலே விளங்குகிற சத்தங்கள் நிறைய இருக்கின்றன. கடிகாரம், சில்லறைக் காசு, கல்லாப்பெட்டி, யாரோ ஓடுகிற காலடி, சிரிப்பு. வரிகளைப் பிறகு தேடிப் படித்துக்கொள்ளலாம், அவை எங்கேயும் ஓடிப்போகாது.

இங்கே நிறுத்துகிறவர்கள் நிறுத்தலாம். போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

4. நீங்க முதல்ல எப்போ, எங்க கேட்டீங்க? எதுக்கு அதையே சொல்லிட்டு இருக்கீங்க?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவையில், காலேஜ் ஹாஸ்டலில். ஒரு சீனியர் அண்ணாவிடம் டூ-இன்-ஒன் இருந்தது. அவர் யாரிடமோ வாங்கி, அந்த யாரோ இன்னொருவரிடம் பதிவு செய்து வாங்கியிருந்த 90 நிமிட கேசட். மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'பி.எஃப்.' என்று மட்டும் எழுதியிருக்கும். பாட்டுப் பெயர் கிடையாது, அட்டை கிடையாது, எத்தனை பாட்டு என்பதும் தெரியாது. அந்த முக்கோணத்தை நான் பார்த்ததே பல மாதம் கழித்துத்தான்.

இப்போது யோசித்தால் அந்தப் பிரதியில் எல்லாமே கோளாறு. ஆல்பம் ஒரு இதயத்துடிப்போடு தொடங்கும், மிக மெதுவாக எழும், ஆனால் பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட்டில் நாடாவின் 'ஸ்ஸ்ஸ்' சத்தமே அதைவிடப் பெரிதாக இருந்ததால், அப்படி ஒரு துடிப்பு இருப்பதே பின்னால் சிடியில் கேட்டபோதுதான் தெரிந்தது. 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம், ஆல்பம் 43 நிமிடம். அதனால் முழு ஆல்பமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது, நான் மேலே சொன்ன நிறுத்தமே எங்களுக்குக் கிடையாது. அந்தப் பெண் குரல் அடங்கிய கையோடு கல்லாப்பெட்டி சத்தம் வந்து விழுந்தது. கரண்ட் போய் பேட்டரியில் ஓட்டிக்கொண்டிருந்தோம், பேட்டரி தேயத் தேய மோட்டார் மெதுவாகும் இல்லையா, கடைசி இரண்டு பாட்டிலும் குரல் கனத்து, இழுத்து, தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி வந்தது. அதுவும் குழுவே செய்த வேலை என்று நம்பி அசந்து போனேன்.

முடிந்ததும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையில் ஒருவன் "மெஸ் மூடிருவாங்கடா" என்றான், எல்லாரும் ஓடினோம். அன்று அந்த அறையில் நாலைந்து பேர்தான் இருக்க முடியும், அவ்வளவு சின்ன அறை. இன்று பழைய நண்பர்களிடம் கேட்டால் ஹாஸ்டலில் பாதிப் பேர் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள்.

5. ஆரம்பத்துல ஒரு பாட்டு, அப்புறம் மூணு நாலு நிமிஷம் ஏதோ மெஷின் ஓடுது. இது என்ன பாட்டா?

அது 'ஆன் தி ரன்'. பாட்டு இல்லை, ஓட்டம். ஈ.எம்.எஸ். நிறுவனத்தின் சிந்தி ஏ.கே.எஸ். என்ற சின்ன சிந்தசைசரில் எட்டு ஸ்வரங்களை அடித்துவிட்டு, அதையே மிக வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள். அதன் மேல் காலடி, மூச்சு, விமான நிலைய அறிவிப்பு, கடைசியில் ஒரு வெடிப்பு.

இது பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கே சில நாள் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் தாண்டிப் போகாதீர்கள். இந்த வெடிப்புக்குப் பிறகு வருகிற சில நொடி அமைதி இல்லாவிட்டால் அடுத்து வருவது வேலை செய்யாது.

6. கடிகாரம் எல்லாம் ஒரே நேரத்துல அடிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதை எப்படிப் பண்ணினாங்க?

அது எல்லாருக்கும் போடும். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் இந்த ஆல்பத்துக்காக அதைப் பதிவு செய்யவில்லை. அப்போது நாலு ஸ்பீக்கரில் கேட்கிற குவாட்ரஃபோனிக் முறை புதிதாக வந்திருந்தது, அதைப் போட்டுக் காட்ட ஒரு மாதிரிப் பதிவு வேண்டும் என்று பழைய கடிகாரக் கடை ஒன்றுக்குப் போய் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, எல்லாம் ஒன்றாக அடிக்கிற மாதிரி நாடாவில் சேர்த்து வைத்திருந்தார். 'டைம்' என்று ஒரு பாட்டு தயாராவதைப் பார்த்ததும் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மேசன் ரோட்டோடாம் என்கிற டிரம்களில் நிதானமாகத் தட்டிக்கொண்டே போவார், பாடும் குரல் வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்தக் காலத்தில் யாரும் அவ்வளவு நேரம் காக்க வைக்கத் துணிய மாட்டார்கள்.

7. அந்தப் பொண்ணு ஏன் அப்படிக் கதறுறாங்க? யாரு அவங்க? வார்த்தையே இல்லையே.

கிளேர் டோரி. 1973 ஜனவரியில், ஆல்பம் ஏறக்குறைய முடிந்த நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். ரைட் இசையமைத்த 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டுக்கு வரியும் கிடையாது, மெட்டும் கிடையாது. சாவு பற்றிய பாட்டு, அதை வைத்து ஏதாவது பாடுங்கள் என்றார்கள். சில தடவை பாடினார், ரொம்பக் கத்திவிட்டோமோ என்று கூச்சப்பட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். சம்பளம் 30 பவுண்டு. அதைப் பயன்படுத்துவார்கள் என்றே அவர் நினைக்கவில்லை, கடையில் ஆல்பத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

பிறகு 2004இல், அந்த மெட்டை உருவாக்கியதில் தனக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார். 2005இல் சமரசம் ஆயிற்று. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் ரைட்டோடு டோரியின் பெயரும் இசையமைத்தவர் இடத்தில் இருக்கிறது. முப்பது வருஷம் தாமதம் என்றாலும் நியாயம்தான். நம் ஊரில் ராக ஆலாபனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு வார்த்தை இல்லாமல் ஒரு குரல் ஐந்து நிமிடம் எதையோ சொல்வது புதிதே இல்லை. இந்தப் பாட்டில் மட்டும் வீட்டுப் பெரியவர்கள் யாரும் "என்ன சத்தம்" என்று கேட்டதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

8. காசு சத்தம் வர்ற பாட்டுக்குத் தாளம் போட்டா எங்கயோ இடிக்குது. எனக்குத்தான் தாளம் வரலையா?

உங்களுக்குத் தாளம் வருகிறது என்பதால்தான் இடிக்கிறது. மேற்கத்திய ராக்கில் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணலாம். 'மணி' (பணம்) என்கிற இந்தப் பாட்டுக்கு ஏழு. மிஸ்ர சாபு பழக்கம் இருக்கிறவர்கள் ஏழாக எண்ண ஆரம்பித்தால் உடனே உட்கார்ந்துவிடும். தகிட தகதிமியின் உள்பிரிவு இந்தப் பாட்டோடு அப்படியே பொருந்தாது, ஆனால் ஏழாவதில் வந்து சேர்ந்துவிடுவீர்கள். டிக் பாரியின் சாக்ஸஃபோன் ஏழிலேயே ஓடும். கில்மோரின் கிட்டார் தொடங்கும்போது நாலுக்கு மாறிவிடும், அதனால்தான் அங்கே திடீரென்று பாட்டு கட்டவிழ்ந்து ஓடுகிற மாதிரி இருக்கும்.

தொடக்கத்துச் சத்தமும் ஏழுதான். காசு, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி என்று ஏழு சத்தங்களை நாடாவில் அளந்து வெட்டி ஒட்டி, வளையமாக்கி ஓடவிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கேலும் பிளேடும்தான். இதில் சில காசுகள் வாட்டர்ஸ் தன் மனைவி மண்பாண்ட வேலைக்கு வைத்திருந்த பாத்திரத்தில் எறிந்து பதிவு செய்தவை.

9. நடுநடுவுல யாரோ பேசுறாங்க, சிரிக்கிறாங்க. எனக்குத்தான் கேக்குதா?

எல்லாருக்கும் கேட்கும். ஹாஸ்டலில் எங்களுக்கு இதுதான் பெரிய மர்மம், கேசட்டில் பழைய பதிவு சரியாக அழியவில்லை என்று ஒருவன் சத்தியமே செய்தான். விஷயம் இதுதான்: வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி, ஸ்டூடியோவில் கையில் கிடைத்தவர்களையெல்லாம் மைக் முன்னால் உட்கார வைத்தார். சாக பயமா, கடைசியாக எப்போது அடிதடியில் இறங்கினீர்கள், அப்போது உங்கள் பக்கம் நியாயம் இருந்ததா என்கிற மாதிரிக் கேள்விகள். பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும்கூடப் பேசினார்கள், ஆனால் ரொம்ப ஜாக்கிரதையாகப் பேசியதால் சேர்க்கவில்லை. குழுவோடு கச்சேரிகளுக்குப் போகும் வேலையாட்களும் வாயிற்காவலரும் மனதில் பட்டதைச் சொன்னார்கள், அது ஆல்பத்தில் இடம்பிடித்தது.

அந்தப் பைத்தியச் சிரிப்பு பீட்டர் வாட்ஸ் என்பவருடையது, குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடைச் சாமான்களைக் கவனித்தவர். நடிகை நவோமி வாட்ஸின் அப்பா. ஆல்பம் முடிகிற இடத்தில் நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை, முழுக்க இருட்டுத்தான் என்று சொல்கிறவர் ஜெர்ரி ஓட்ரிஸ்கால், ஆபி ரோடின் வாயிற்காவலர். உலகப் புகழ்பெற்ற ஆல்பத்தில் கடைசி வார்த்தை வாட்ச்மேனுக்கு. எனக்கு இதில் இன்றுவரை ஒரு தனி சந்தோஷம்.

10. எல்.பி.யில கேட்டாத்தான் கேட்ட மாதிரியாமே? நல்ல ஹெட்போன் வேணுமா?

வேண்டாம். நான்காவது கேள்வியில் என் கேசட்டின் லட்சணத்தைச் சொல்லியிருக்கிறேன். நல்ல கருவி இருந்தால் நல்லது, அடியில் இருக்கும் துடிப்பும் பேச்சும் தெளிவாகக் கேட்கும். அதற்காக டர்ன்டேபிள் வாங்கும் வரை காத்திருக்காதீர்கள்.

11. ஒரு பழைய ஹாலிவுட் படத்தோட சேர்த்து ஓட்டினா அப்படியே பொருந்துதாமே? ரகசியமா பண்ணி வெச்சிருக்காங்களாமே மாமா?

1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தைச் சொல்கிறாய். தொண்ணூறுகளின் நடுவில் கிளம்பிப் பரவிய கதை இது. குழுவினரும் பார்சன்ஸும் இல்லவே இல்லை என்று சொல்லியாயிற்று. அந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்து படத்தை ஓட்டிப் பார்த்துப் பார்த்து இசையை ஒட்ட வைப்பதற்கு 1972இல் வசதியும் கிடையாது.

ஆனால் பொருந்துகிற மாதிரி தெரியத்தான் செய்யும். எந்த நீளமான இசையை எந்தப் படத்தின் மேல் ஓட்டினாலும் நாலு இடம் சேரும், சேராத நாற்பது இடத்தை நாம் கணக்கில் வைப்பதில்லை. நிஜமாகவே சினிமாவோடு சம்பந்தப்பட்ட பாட்டு ஒன்று இதில் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. 'அஸ் அண்ட் தெம்' பாட்டின் பியானோ, இத்தாலிய இயக்குநர் அந்தோணியோனியின் 1970ஆம் வருஷப் படமான 'சப்ரிஸ்கி பாயிண்ட்'டுக்காக ரைட் செய்தது. இயக்குநர் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அவர் ஒதுக்கியதால் நமக்குக் கிடைத்தது.

12. நீங்க சொன்னீங்கன்னு என் பையனுக்குப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷத்துல எழுந்து போயிட்டான். என்ன பண்றது?

விடுங்கள். போட்டுக் காட்டியதுதான் தப்பு. எதிரில் உட்கார்ந்து, இப்போ பாரு, இப்போ வரும் பாரு என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எவன் உட்காருவான்? எங்கள் சீனியர் எங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நாங்கள் போய் உட்கார்ந்தோம், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் பையனுக்கு அவனுடைய ஆல்பம் வேறு எங்கோ காத்திருக்கும். அது இதுவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் நீங்கள் இல்லாத நேரத்தில்தான் நடக்கும்.

13. எனக்கு வயசு 46. இதெல்லாம் சின்ன வயசுல கேட்டிருக்கணும். இப்போ கேட்டா அந்த அனுபவம் வருமா?

அந்த அனுபவம் வராது, உங்களுடையது வரும். அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 'டைம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்று காத்திருந்தவன், பத்து வருஷம் ஓடிப்போனதைத் திடீரென்று பார்க்கிறான், அதுதான் சாரம். அதை எழுதியபோது வாட்டர்ஸுக்கு முப்பது ஆகவில்லை. பதினெட்டில் கேட்ட எனக்கு அது யாரோ பெரியவர்களின் கவலையாகத்தான் பட்டது, கடிகாரச் சத்தத்தில் மயங்கினேனே தவிர பாட்டு என்மேல் படவே இல்லை. 46இல் முதல் தடவை கேட்கிறவருக்கு அந்தப் பாட்டு கிடைக்கிற மாதிரி எனக்குக் கிடைக்க வழியே இல்லை. எனக்கு அது ஏற்கெனவே பழகிப் போயிருந்தது.

14. நான் காலேஜ்ல உயிரா கேட்ட ஆல்பம். இப்போ போட்டா ஒண்ணுமே ஆகல. எனக்கு என்னமோ செத்துப்போச்சா?

இதுதான் எனக்குப் பதில் சொல்லச் சிரமமான கேள்வி. எனக்கும் அப்படி நாட்கள் உண்டு. அடுத்து என்ன வரும் என்பது விரலுக்கே தெரிந்துவிட்டது, கடிகாரம் அடிக்கும் முன்பே தோள் இறுகிவிடுகிறது, அப்புறம் எங்கே தூக்கிவாரிப் போடும்? முதல் தடவையின் சுகத்தில் பெரும்பங்கு நமக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது. பாட்டுப் பெயர்கூடத் தெரியாமல் கேட்டேன் என்று சொன்னேனே. இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருக்கிற தகவல் எல்லாம் பிறகு சேர்ந்தவை, அவை ஒவ்வொன்றும் ஆல்பத்தை எனக்கு நெருக்கமாக்கியது, அந்த முதல் ராத்திரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியும் வைத்தது. அதனால்தான் கேட்டுவிட்டு வந்து படியுங்கள் என்றேன்.

எனக்கு வேலை செய்த ஒன்று: நன்றாகத் தெரிந்த பாட்டை விட்டுவிட்டு, காது எப்போதும் தாண்டிப்போன இடத்தில் உட்காருவது. இத்தனை வருஷம் நான் கில்மோரின் கிட்டாரையே துரத்திக்கொண்டிருந்தேன். ரைட் பின்னால் ஆர்கனில் என்ன செய்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தபோது பாதி ஆல்பம் புதிதாக இருந்தது. ஒரு வருஷம் கேட்காமல் வைத்துவிட்டாலும் கொஞ்சம் பலன் உண்டு.

15. இவங்க இந்தியாவுக்கு வந்திருக்காங்களா? இப்போ நேர்ல பார்க்க முடியுமா?

குழுவாக வந்ததில்லை. வாட்டர்ஸ் தனியாக வந்திருக்கிறார், 2007இல் மும்பையில் இந்த ஆல்பத்தை முழுசாக வாசித்தார். நாலு பேரும் சேர்ந்து கடைசியாக மேடையேறியது 2005 ஜூலையில், லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில். 2008இல் ரைட் இறந்துவிட்டார். ஆகவே முடியாது.

16. ரோஜர் வாட்டர்ஸ் 2023ல இதையே மறுபடி பண்ணினாராமே, அதைக் கேட்டாப் போதுமா?

போதாது. அது எண்பது வயதில் ஒருவர் தன் முப்பதைத் திரும்பிப் பார்த்து முணுமுணுக்கிற ஆல்பம், கிட்டார் சோலோ எல்லாம் எடுத்துவிட்டுப் பேச்சாக நிரப்பியிருக்கிறார். மூலத்தை நன்றாகப் பழகியவர்கள் ஒரு தடவை கேட்கலாம். முதல் தடவைக்கு அதைக் கொடுப்பது பாவம்.

17. சரி, கேட்டாச்சு, பிடிச்சுப் போச்சு. அடுத்து எது?

1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்'. 1968இல் குழுவை விட்டுப் போன பழைய நண்பர் சிட் பாரெட்டை நினைத்துச் செய்தது. 'டார்க் சைட்'டின் கடைசிக்கு முந்தைய பாட்டிலும் அவர் நிழல் இருக்கிறது, அதனால் தொடர்ச்சி தெரியும். அப்புறம் பின்னோக்கிப் போய் 1971இன் 'மெடில்'. அதில் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 23 நிமிடத்துக்கு மேல் ஓடும், கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள். 1977இன் 'அனிமல்ஸ்' கோபக்கார ஆல்பம், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். இவற்றைப் பற்றி முன்கூட்டியே எங்கேயும் எதையும் படிக்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம்.